அக்கம்பக்கத்துப் பகுதிகள் கூடித் தீயைத் தடுக்கும் முறை

வடசென்னையின் கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்தால், காலையில் மேல்காற்று அடிக்கும்போது கொருக்குப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் புகையில் திணறும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்தால் அதே புகை மாதவரம் பக்கம் சாயும். மேடு மாநகராட்சியின் தண்டையார்பேட்டை மண்டலத்தில் இருந்தாலும் பாதிப்பு அந்த மண்டலத்தோடு நிற்பதில்லை. ஆகவே மண்டல எல்லைக்கு இருபுறமும் உள்ள குடியிருப்போர் நலச்சங்கங்கள் சேர்ந்தே இதற்கான ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்.

முதல் கூட்டத்தைப் பொங்கல் முடிந்ததும் நடத்திவிடுங்கள். சித்திரை வெயில் வரட்டும் என்று இருக்கக் கூடாது. 2018-இல் தமிழக, கேரள எல்லையை ஒட்டிய குரங்கணி மலையில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட காட்டுத்தீ மூண்டது மார்ச் 11 அன்றுதான்.

கூட்டத்திற்குப் பின் இரு பகுதியினரும் சேர்ந்து எல்லை நெடுக நடந்து பாருங்கள். கால்வாய்க்கரை, தண்டவாள ஓரம், சுற்றுச்சுவர் இல்லாத காலிமனை என, யாருடைய பொறுப்பு என்று தெளிவில்லாத இடங்களில்தான் காய்ந்த கோரையும் சீமைக்கருவேலமும் குப்பையும் சேர்ந்து கிடக்கும். ஒவ்வோர் இடமும் மாநகராட்சியுடையதா, ரயில்வேயுடையதா, நீர்வளத் துறையுடையதா, தனியாருடையதா என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு, இரு சங்கங்களும் கையெழுத்திட்ட ஒரே மனுவை இரண்டு மண்டல அலுவலகங்களுக்கும் கொடுங்கள். தனித்தனியே கொடுத்தால் "அது அந்தப் பக்கத்து வேலை" என்ற பதிலோடு திரும்பி வர நேரும். வெட்டிய புதரை அங்கேயே கொளுத்துவது, தடுக்க வந்த தீயை நாமே மூட்டுவதாகும். வண்டியில் ஏற்றி அகற்றச் சொல்லுங்கள்.

தீயைக் கண்டால், யாரேனும் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணாமல், உடனே 101 அல்லது 112-ஐ அழையுங்கள். எரிவது என்ன, அருகில் உள்ள அடையாளம் எது என்பவற்றோடு எந்த வழி திறந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். வடசென்னையில் இதுவே உயிர்நாடி: ரயில்வே கேட் மூடியிருக்கலாம், கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நிற்கலாம். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிலவரத்தைத் தொலைபேசியில் சொல்ல, இந்தப் பக்கம் இருவர் சந்திப்பில் நின்று தீயணைப்பு வண்டிக்கு வழிகாட்ட வேண்டும். இந்தப் பொறுப்புகளைப் பெயர் குறித்து முன்கூட்டியே ஒப்படையுங்கள்.

வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்குவதும் இவர்கள் பணியே. 2017 ஜூலையில் கொடுங்கையூர் பேக்கரி ஒன்றில் தீயை அணைக்கும்போது சிலிண்டர் வெடித்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். சுற்றி நின்ற பொதுமக்கள் பலர் காயமடைந்தனர். குப்பைமேட்டுத் தீயிலோ பொதுமக்கள் இறங்கவே கூடாது. மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் கிளம்பி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் என்பதால், மேலே நீர் தெளித்தால் மட்டும் அது அணையாது; இயந்திரத்தால் கிளறி நனைத்து, மண்ணால் மூட வேண்டும்.

புகை சூழும்போது ஈரத்துணி தூளைக் கொஞ்சம் தடுக்குமே தவிர நச்சுவாயுவைத் தடுக்காது. கைக்குழந்தைகள், முதியோர், ஆஸ்துமா உள்ளவர்கள் ஆகியோரைப் புகை வராத பக்கத்திற்கு அனுப்புவதே வழி. அதற்காக ஒவ்வொரு பகுதியும் மற்றப் பகுதியினருக்கு இடம் தரக்கூடிய வீடுகள், சமூகக்கூடம், தேவாலயம், பள்ளிவாசல், கோயில் மண்டபம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது, அவரது தொலைபேசி எண் என்ன என்பதையும் எழுதிப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து இரு பகுதியினரும் ஒன்றாகப் பயிற்சி பெறுங்கள். அன்றே அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் அழைத்துச் சரிபாருங்கள்.