வரைபடத்தை விரித்த பிறகு கருத்துக் கேட்காதீர்கள்

நகரத்தின் விளிம்பில் அனுமதி எதுவும் இல்லாமல் தானாக வளர்ந்த குடியிருப்புகளுக்குத் திட்டம் போடும்போது, அறிக்கையில் "மக்கள் பங்கேற்பு" என்ற சொல் தவறாமல் வந்துவிடும். பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, வண்ண வரைபடத்தை விரித்து "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பார்கள். சாலை எவ்வளவு அகலம், எந்த வீடுகள் போகும், பணம் எதற்குச் செலவாகும் என்பதெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும். மிச்சம் இருப்பது பூங்காவில் ஊஞ்சலா சறுக்குமரமா என்ற கேள்விதான். என்னைக் கேட்டால் முதல் தவறு இதுதான், மற்ற தவறுகளில் பாதி இதன் குட்டிகள். கூட்டத்துக்கு முன்பு, இன்னும் முடிவாகாதவை எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாள் காலியாக இருந்தால் கூட்டமே வேண்டாம், நோட்டீஸ் ஒட்டிவிடுங்கள்.

பாகிஸ்தானில், கராச்சியின் ஓரங்கி என்ற குடிசைப் பகுதியில் 1980இல் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீது கான் வேலையைத் தொடங்கியபோது கையில் திட்டம் எதுவும் கொண்டுபோகவில்லை. தெருத்தெருவாக நடந்து மக்களோடு பேசினார். முதலில் மேலே வந்த பிரச்சினை சாக்கடை. ஒவ்வொரு சந்திலும் இருபது முப்பது வீடுகள் சேர்ந்து, தங்களுக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, சொந்தப் பணத்திலேயே குழாய் பதித்தார்கள். இதைப் பார்த்துவிட்டு "எல்லாவற்றையும் மக்களே செய்துகொள்வார்கள்" என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. வீட்டுக் கழிவறையும் சந்துக் குழாயும் மக்கள் பொறுப்பு, பெரிய கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று அங்கே தெளிவாகப் பிரித்திருந்தார்கள். கழிவுநீர் போய்ச் சேர இடமில்லையென்றால் சந்துக்குள் எவ்வளவு ஒற்றுமை இருந்து என்ன பயன்?

அடுத்தது, யாரை எண்ணுகிறோம் என்பது. பகலில் கணக்கெடுக்கப் போனால் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள், பூட்டிய கதவுக்கு நேராக "ஆளில்லை" என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். இதைவிட மோசம், ஒரு கூரைக்கு ஒரு குடும்பம் என்று கணக்குப் போடுவது. இந்தப் பகுதிகளில் வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம், ஒரே வீட்டுக்குள் மூன்று அடுப்பு எரியலாம். கூட்டத்துக்கு வீட்டுக்காரர் வருவார், குடியிருப்பவர் வரமாட்டார், வந்தாலும் வீட்டுக்காரர் எதிரில் வாய் திறப்பாரா? அப்புறம் தண்ணீரும் சாலையும் வந்ததும் வாடகை ஏறும், அவர்கள் இன்னும் தள்ளி வெளியே போய் இன்னொரு குடிசைப் பகுதியைத் தொடங்குவார்கள். அதனால் அடுப்பை வைத்து எண்ணுங்கள், வாடகைதாரர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். கணக்கெடுப்பு எதற்கு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இடிக்கப் போகிறார்கள் என்ற வதந்தி ஒரே நாளில் பரவும்.

வரைபடம் காட்டினால் எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். காகிதத்தில் ஆறு மீட்டர் சாலை ஒரு பென்சில் கோடு, எல்லோரும் சரி என்று தலையாட்டுவார்கள். அதே அளவைத் தரையில் கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் காட்டுங்கள். கோடு சமையலறைச் சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் தெருக்குழாய் மேடையின் நடுவே வெளியே வரும், அதுவரை பேசாமல் நின்றவர் "நாலு மீட்டர் போதாதா, தீயணைப்பு வண்டி அந்தப் பக்கமாக வரட்டுமே" என்று ஆரம்பிப்பார். உண்மையான கூட்டம் அங்கேதான் நடக்கிறது.

தலைவர் ஒருவரிடம் பேசினால் போதும் என்பது சௌகரியமான தவறு. அந்தத் தலைவரே தண்ணீர் லாரிக்காரராகவோ மனைத் தரகராகவோ இருக்கலாம், குழாய் வந்தால் அவருக்கு நஷ்டம். கென்யாவில், நைரோபியின் முகுரு என்ற குடிசைப் பகுதியைச் சிறப்புத் திட்டப் பகுதியாக, அதாவது தனித் திட்டம் போட வேண்டிய இடமாக, 2017இல் அறிவித்தபோது, அங்கே பத்துப் பத்து வீடுகளாகச் சிறு குழு அமைத்து, அவற்றைப் படிப்படியாகப் பெரிய குழுக்களாகச் சேர்த்தார்கள். லட்சம் குடும்பங்கள் இருக்கும் இடத்திலேயே அது சாத்தியமானது. தண்ணீர் வரும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

விளிம்புப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஊர் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். இன்று கூட்டத்துக்கு வந்தவர்கள், ஐந்து வருடம் கழித்து வரப்போகிறவர்களுக்காகப் பேச முடியாது, பேசவும் மாட்டார்கள். இருக்கும் சந்துகளை மட்டும் சீர்செய்துவிட்டு வெளியே உள்ள காலி நிலத்தை மறந்தால், மழைநீர் ஓடும் பள்ளத்தில்தான் அடுத்த வீடு எழும், ஏனென்றால் விலை குறைந்த நிலம் அதுதான். பெரிய சாலைக்கும் வடிகாலுக்கும் வேண்டிய அகலத்தை, வீடு வருவதற்கு முன்பே கல் நட்டு ஒதுக்கிவிடுங்கள். வந்த பிறகு என்றால் இடிப்புதான். அந்த நிலம் பெரும்பாலும் இரண்டு உள்ளாட்சிகளின் எல்லையில் இருக்கும், இரண்டு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும், ஆகவே இரண்டு பேரையும் ஒரே நாளில் அதே பள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

கூட்டம் முடிந்ததும் காணாமல் போய்விடாதீர்கள். யார் என்ன கேட்டார்கள், எது ஏற்கப்பட்டது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதி, அடுத்த வாரத்துக்குள் தெருக்குழாய் பக்கத்தில் ஒட்டுங்கள். குடம் நிரம்பும் நேரத்தில் படித்துவிடுவார்கள்.