நாளைக்கு எத்தனை பாக்கெட் மாவு அரைப்பது?

இட்லி மாவு வியாபாரத்தில் இந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்லியாக வேண்டும். ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்து, பாக்கெட் போட ஒரு நாள் ஓடிவிடும். ஆள் வந்து கேட்ட பிறகு அரைக்க முடியாது. மதுரையில் நானும் என் அத்தையும் நடத்தும் கடையில் நான் போடும் கணக்கைச் சொல்கிறேன். பால், பூ, பன், கீரை என்று மறுநாள் விலை போகாத எந்தச் சரக்குக்கும் இது பொருந்தும்.

"போன வாரம் சராசரியா எவ்வளவு போச்சோ அவ்வளவு போடு" என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் வழி. சராசரிக்கு உங்கள் லாபமும் தெரியாது, நஷ்டமும் தெரியாது. அதனால் இரண்டு எண்களில் தொடங்குங்கள்.

ஒரு பாக்கெட் குறைந்தால் என்ன போகும்? ஒரு கிலோ பாக்கெட் அடக்கம் 25 ரூபாய், விலை 55. கேட்டு வந்தவர் வெறுங்கையோடு போனால் 30 ரூபாய் போச்சு. ஒரு பாக்கெட் மீந்தால் என்ன போகும்? காலையில் பணியாரம் போடும் தள்ளுவண்டிக்காரர் புளித்த மாவை 15 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார்; ஆக நஷ்டம் 10. கடை வாடகையையும் கிரைண்டர் தவணையையும் இதில் சேர்க்காதீர்கள். ஒரு பாக்கெட் கூடினாலும் குறைந்தாலும் அவை மாறப்போவதில்லை.

இப்போது 30ஐ, 30உம் 10உம் சேர்ந்த 40ஆல் வகுங்கள். 0.75 வரும். நான்கு நாளில் மூன்று நாள் சரக்கு போதும்படியாகவும், ஒரு நாள் தீர்ந்துபோகும்படியாகவும் அரைக்க வேண்டும் என்று அர்த்தம். சாயங்காலம் பேப்பர் மீந்தால் பழைய பேப்பர் விலைதான் என்பதால், பேப்பர் விற்பவரை வைத்தே இந்தக் கணக்குக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதன் வேர் 1888இல் எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர் எழுதியதில் இருக்கிறது. வங்கி கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

அடுத்து நோட்டை எடுங்கள். எல்லா நாளையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். ஞாயிறு காலை இட்லிக்குச் சனி சாயங்காலம் வாங்குகிற கூட்டம் வேறு, செவ்வாய்க்கிழமை வேறு. அமாவாசை, கிருத்திகையன்று ஒருபொழுது இருப்பவர்கள் ராத்திரி பலகாரம் சாப்பிடுவார்கள். அந்த நாட்களைத் தனிப்பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் சனிக்கிழமைப் பக்கத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் இப்படி இருக்கிறது: 61, 64, 66, 68, 70, 71, 73, 74, 75, 77, 78, 80, 82, 83, 85, 88, 90, 94, 101, 120.

மொத்தம் 20 எண்கள். 20இல் 0.75 பங்கு என்றால் 15ஆவது எண், அதாவது 85. சராசரி 80தான். சந்தேகமாக இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டாகப் பாருங்கள். 81ஆவது பாக்கெட் விற்றிருக்கக்கூடிய நாட்கள் 20இல் 8. எட்டு நாள் 30 ரூபாய் வரவு, பன்னிரண்டு நாள் 10 ரூபாய் நஷ்டம். நாளுக்குச் சராசரி 6 ரூபாய் லாபம். 85ஆவது பாக்கெட்டில் அது 2 ரூபாயாகச் சுருங்குகிறது. 86ஆவதில் சரியாகப் பூஜ்யம். அங்கே கிரைண்டரை நிறுத்திவிடலாம்.

அந்த 120 எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அன்று நாங்கள் விற்றது 90தான். ஏழு மணிக்கே தீர்ந்துவிட்டது. தீர்ந்த நாளில் விற்ற எண்ணிக்கையைத் தேவை என்று எழுதிவைத்தால் நோட்டு பொய் சொல்லும். அதை நம்பி நீங்கள் வாராவாரம் குறைத்துக்கொண்டே போவீர்கள். தீர்ந்த நேரத்தையும் எழுதுங்கள். மற்ற சனிக்கிழமைகளில் ஏழு மணிக்குள் முக்கால் பங்கு போகிறது என்று தெரிந்தால், 90ஐ 0.75ஆல் வகுத்து 120 என்று போடலாம். இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடாக எந்த சாஃப்ட்வேரையும் நான் சொல்ல மாட்டேன்.

சரி, மளிகைக் கடைகளுக்கு சப்ளை செய்தால்? அங்கே கணக்கே வேறு. வண்டிச் செலவு 4 ரூபாய் சேர்ந்து அடக்கம் 29. கடைக்காரருக்குக் கொடுப்பது 37. ரிட்டர்ன் வந்தால் அதே தள்ளுவண்டிக்கு 15. குறைந்தால் நமக்குப் போவது 8, மீந்தால் போவது 14. விகிதம் 0.36தான். அதே பட்டியலை வைத்துப் பார்த்தால், 20இல் 0.36 பங்கு 7ஐத் தாண்டுவதால் 8ஆவது எண், அதாவது 74 பாக்கெட், சராசரிக்கும் கீழே! "கடைக்கு நிறையக் கொடுத்தால்தான் வியாபாரம் வளரும்" என்று அத்தை சொல்வார். மார்ஜின் இவ்வளவு ஒல்லியாக இருக்கும்போது வளர்வது ரிட்டர்ன்தான்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கடைக்காரர் 45க்கு விற்கிறார். மீந்ததை முழு 37க்கும் திருப்பி எடுத்துக்கொண்டால் அவருக்கு நஷ்டமே கிடையாது. எத்தனை பாக்கெட் வேண்டுமானாலும் கேட்பார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ரிட்டர்னே இல்லை என்றால் பயந்துபோய்க் கம்மியாக எடுப்பார். நடுவில் ஒரு விலை இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே கடையாக நினைத்துக்கொள்ளுங்கள்: 45க்கு விற்பனை, 29 அடக்கம், மீந்தால் 15. குறைந்தால் 16, மீந்தால் 14, விகிதம் 0.53. கடைக்காரரும் இதே விகிதத்தில் யோசிக்க வேண்டுமானால், அவர் லாபம் 8 என்பதால் மீந்தால் அவர் நஷ்டம் 7ஆக இருக்க வேண்டும். ஆகவே ரிட்டர்ன் பாக்கெட்டுக்கு 30 ரூபாய் வரவு வைக்கிறோம். இப்படி ஒரு ரிட்டர்ன் விலையால் இருவரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவரலாம் என்று 1985இல் பாஸ்டர்நாக் என்பவர் கணக்காகவே நிறுவிக் காட்டினார்.

நான்கு கடைக்கு சப்ளை என்றால் எல்லாவற்றையும் காலையிலேயே இறக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு கடையின் ஏற்ற இறக்கமும் 10 பாக்கெட் என்று வைத்தால், தனித்தனியாக நான்குக்கும் சேர்த்து 40 பாக்கெட் பாதுகாப்புக்குத் தேவைப்படும். ஒரு கடையில் குறையும்போது இன்னொன்றில் கூடும் என்பதால், சேர்த்துப் பார்த்தால் ஏற்ற இறக்கம் 20தான். 4இன் வர்க்கமூலம் 2 அல்லவா, அந்தக் கணக்கு. ஒரு பங்கை நம் ஃப்ரிட்ஜிலேயே வைத்து, சாயங்காலம் ஆறு மணி நடையில் கேட்கிற கடைக்குக் கொடுங்கள். ஊருக்கே மழை கொட்டினால் நான்கு கடையும் சேர்ந்தே படுத்துவிடும், அன்றைக்கு இது உதவாது.

கடைசியாக உளுந்து. இது கெட்டுப்போகாது, ஆனால் லோடு எப்போது வரும் என்பதுதான் கேள்வி. தினச் செலவு 12 கிலோ, ஏற்ற இறக்கம் 3 கிலோ. மண்டியில் சொன்னால் சராசரி 5 நாளில் வருகிறது, அதில் முன்பின் 2 நாள். ஏற்ற இறக்கம் என்று நான் சொல்வது எக்செல் போட்டுத் தரும் திட்ட விலக்கத்தை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளிப்போகின்றன என்ற அளவை. சூத்திரம் இதுதான்: நாட்களின் சராசரியை, தினச் செலவின் விலக்க வர்க்கத்தால் பெருக்குங்கள், 5 பெருக்கல் 9, 45. தினச் செலவின் வர்க்கத்தை, நாட்களின் விலக்க வர்க்கத்தால் பெருக்குங்கள். 144 பெருக்கல் 4, 576. கூட்டினால் 621, வர்க்கமூலம் சுமார் 25. நூற்றுக்கு 95 தடவை தட்டுப்பாடு வராமலிருக்க, புள்ளியியல் அட்டவணையில் அதற்கு உரிய எண்ணான 1.645ஆல் பெருக்கினால் 41 கிலோ. ஐந்து நாள் செலவு 60 கிலோ. ஆகவே கையிருப்பு 101 கிலோவுக்கு இறங்கியதும் போனைப் போட வேண்டும்.

அந்த 45ஐயும் 576ஐயும் இன்னொரு தடவை பாருங்கள். வாடிக்கையாளர்கள் படுத்தும் பாடு 45தான், மீதியெல்லாம் லாரி. லோடு வரும் நாளின் முன்பின் 2 நாளிலிருந்து 1 நாளாகக் குறைந்தால், பாதுகாப்பு இருப்பு 41லிருந்து 23 கிலோவுக்கு இறங்கும். கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடச் சொன்னாலும், சொன்ன நாளில் இறக்குகிற மண்டி பரவாயில்லையா என்று இந்தக் கணக்கை வைத்தே பேரம் பேசலாம். மண்டி மாற்றினாலும் உடனே 101ஐக் குறைத்துவிடாதீர்கள். சொன்ன தேதி, வந்த தேதி இரண்டையும் பத்துப் பதினைந்து லோடுக்காவது எழுதிவிட்டு அப்புறம் குறையுங்கள்.