பர்ஃபார்மன்ஸ் கார் வாரன்டி: நம்ம கொங்குப் பக்கம் அடிக்கடி நடக்கிற தவறுகள்

காரின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தால் கம்பெனிக்காரர்களே கூப்பிட்டுச் சரிசெய்து கொடுப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். சில நேரம் கொடுப்பார்கள், பல நேரம் மாட்டார்கள். எப்போது கொடுப்பார்கள், எப்போது கையை விரிப்பார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு பிடிபடாததால்தான் கோவையிலும் திருப்பூரிலும் ஆசை ஆசையாக வேகமான வண்டி வாங்கியவர்கள், வாரன்டி இருந்தும் கியர்பாக்ஸுக்குக் கைக்காசு போடுகிறார்கள்.

போர்ஷேயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் 911 ஜிடி3 கார்கள் இரண்டு ஐரோப்பாவில் தீப்பிடித்தன. கனெக்டிங் ராடைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்து, ராடு கழன்று கிராங்க் கேஸை உடைத்தது. கொட்டிய ஆயில் பற்றிக்கொண்டது. அந்த மாடலில் 785 கார்களையும் ஓட்டவே வேண்டாம் என்று சொல்லி, அத்தனைக்கும் புது இன்ஜின் மாற்றிக் கொடுத்தது கம்பெனி. ஆனால் அதற்கு முந்தைய தலைமுறை பாக்ஸ்டர், 911 கார்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் உடைந்து இன்ஜினே பாழாகும் பிரச்சினை வருடக்கணக்கில் இருந்தது. அதற்கு ரீகால், அதாவது கம்பெனியே வண்டிகளைத் திருப்பி அழைத்துச் சரிசெய்வது, வரவில்லை. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு 2013-ல் சமரசம் ஏற்பட்டது. அதுவும் 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்கு மட்டும்தான். 2009 மாடலில் அந்த ஷாஃப்ட்டே இல்லாத புது இன்ஜின் வந்தது.

ஒரே கம்பெனி, இரண்டு விதமான நடவடிக்கை. தீ என்பது உயிர்ப் பிரச்சினை, வண்டிகளும் சில நூறுதான். பேரிங் உடைந்தால் வண்டி நின்றுபோகும், நஷ்டம் ஓனருக்கு. வண்டிகளோ பல்லாயிரம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாக் கம்பெனிகளின் போக்கும் விளங்கிவிடும்.

ரீகால் வரும் என்று காத்திருப்பது

ரீகால் என்பது கடைசிப் படி. அதற்குக் கீழே பல படிகள் இருக்கின்றன. முதலில் கம்பெனி சத்தமில்லாமல் பாகத்தைத் திருத்தி, அடுத்த மாதத் தயாரிப்பிலிருந்து புதியதைப் போடும். பிறகு டீலர்களுக்கு மட்டும் சர்வீஸ் புல்லட்டின் போகும்: இந்தப் புகாரோடு யாராவது வந்தால் இதைச் செய்யுங்கள் என்று. கேட்டு வருபவருக்குத்தான் அது கிடைக்கும், வராதவருக்குக் கடிதம் போகாது. அதற்கு மேல், குறிப்பிட்ட பாகத்துக்கு மட்டும் வாரன்டியை நீட்டிப்பார்கள். அதற்கும் மேலேதான் ரீகால்.

இங்கே கண்ணுக்குத் தெரியும் ஒரு தடயம் இருக்கிறது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி பாகங்களின் பார்ட் நம்பர் கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். பாகத்தைத் திருத்தும்போது பெரும்பாலும் அந்த எழுத்து மாறும். பழைய பாகத்தில் 'பி' என்றிருந்து, மாற்றிய பில்லில் 'டி' என்று இருந்தால், நடுவில் கம்பெனி அதைத் திருத்தியிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வண்டியில் உடைந்தது உங்கள் ஓட்டுதலால்தான் என்று சொல்லும் டீலரிடம் இதைக் காட்டிக் கேட்கலாம். பழைய பாகத்தை போட்டோ எடுக்காமல் விட்டுவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

நீட்டித்த வாரன்டி எல்லா நாட்டுக்கும் பொதுவாக வருவதில்லை. ஃபோக்ஸ்வேகனின் 7 ஸ்பீடு டிரை கிளட்ச் டிஎஸ்ஜி என்ற தானியங்கி கியர்பாக்ஸுக்காக 2013-ல் சீனாவில் 3,84,181 கார்கள் ரீகால் ஆயின. அங்கே அந்த கியர்பாக்ஸுக்கு 10 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டியும் கொடுத்தார்கள். அதே ஆண்டில் அதே குடும்பத்து கியர்பாக்ஸோடு இங்கே போலோ ஜிடி டிஎஸ்ஐ வந்தது. சீனாவில் கொடுத்தது இங்கேயும் தானாக வரும் என்று எண்ணக்கூடாது. பிஎம்டபிள்யூவின் டர்போ பெட்ரோல் கார்களில் ஹை பிரஷர் ஃபியூவல் பம்புக்கு 10 ஆண்டு, 1,20,000 மைல் என்று நீட்டியதும் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காகத்தான். யூடியூபில் அமெரிக்கக்காரர் 'லெமன் லா' (திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கான அவர்கள் ஊர்ச் சட்டம்) பற்றிச் சொல்வதை வைத்துக்கொண்டு இங்கே டீலரிடம் சண்டை போட முடியாது. நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை, நமக்கு உள்ள சட்டம் வேறு. அதற்கு வருகிறேன்.

நாமே கழட்டிப் பார்ப்பது

நம்ம ஊர்க்காரர்கள் அதிகமாகச் செய்கிற தவறு இதுதான் என்பேன். கணபதி, பீளமேடு, சிட்கோ என்று எந்தப் பக்கம் போனாலும் லேத்தும் பவுண்டரியும் பம்பு கம்பெனியும் இருக்கிற ஊர் இது. உடைந்த பாகத்தைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, 'இதை நாமளே கடைஞ்சு போட்டுரலாங்க, கம்பெனிக்காரன் போட்டதை விட நல்லா நிக்கும்' என்று சொல்லக்கூடிய கைகள் இங்கே நிறைய. பலமுறை அது உண்மையும்கூட. அந்தத் திறமையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் வாரன்டியில் இருக்கும் வண்டியை அந்தக் கையில் கொடுத்த நிமிடமே வழக்கின் சாட்சி போய்விடுகிறது. வெளியில் திறந்த இன்ஜின், வெளியில் இறக்கிய கியர்பாக்ஸ் என்றால், முன்பே இருந்த கோளாறா, திறந்தபோது வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 38-வது பிரிவின்படி, பரிசோதனை இல்லாமல் கண்டுபிடிக்க முடியாத குறை என்றால் மாவட்ட ஆணையம் அந்தப் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்கலாம். பேரிங்கை மாற்றி, கிராங்க்கை கிரைண்டிங் போட்டுவிட்டால் ஆய்வகம் எதைப் பார்க்கும்? மெக்கானிக் அண்ணன் சொல்கிற கருத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே நின்று சத்தத்தைக் கேட்கட்டும், ஸ்கேனர் போட்டு ஃபால்ட் கோடு என்கிற கோளாறு எண்ணைப் படிக்கட்டும், அந்த எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். ஸ்பேனரை எடுப்பதும் அந்த எண்ணை அழிப்பதும் வேண்டாம். டீலரிடம் போனால் பிரித்தபின் உங்களைக் கூப்பிட்டுக் காட்டும்படி எழுதிக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தை வாரன்டியில் அவர்களே திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும்.

ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

சர்வீஸ் சென்டரில் நடக்கிற காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டிக்காரர் சொல்கிறார்: 'சூடானதுக்கு அப்புறம், டிராஃபிக்ல ஊந்து போகும்போது, ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாறுறப்ப ஆட்டங் குடுக்குதுங்க.' அட்வைசர் தம்பி தலையாட்டிக்கொண்டே டேப்லெட்டில் ஜாப் கார்டை, அதாவது புகாரைப் பதியும் படிவத்தை, நிரப்புகிறார்: 'ஜெனரல் செக்கப்.' வண்டிக்காரர் விரலால் கையெழுத்தை இழுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். சாயந்திரம் பதில் வருகிறது: 'அண்ணா, இது இந்த வண்டிக்கு நார்மல்ங்க.'

மூன்று முறை இப்படி நடந்தால், வாரன்டி முடிந்தபின் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருப்பது மூன்று ஜெனரல் செக்கப். ஆட்டம் என்ற சொல்லே எங்கும் இருக்காது. மாறாக, எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில், வண்டி குளிர்ந்திருந்தபோதா சூடானபோதா, எத்தனை கிலோமீட்டரில் என்று உங்கள் வாயில் வந்தபடியே எழுதச் சொல்லியிருந்தால், வாரன்டிக்குள்ளேயே தொடங்கிய, சரிசெய்யப்படாத குறை என்று அது பதிவாகியிருக்கும். கெடு முடிந்தபின் அதே குறை பெரிதாக வெடித்தாலும் பேசுவதற்கு இடம் இருக்கிறது. கம்பெனி குட்வில் என்ற பெயரில் பாதிச் செலவை ஏற்பதும் பெரும்பாலும் இப்படிப் பதிவு வைத்திருப்பவருக்குத்தான்.

'நார்மல்' என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். 'நார்மல்னா அதையே ஜாப் கார்டுல எழுதிக் குடுங்க தம்பி' என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் அது உங்களுக்கு ஆதாரம். எழுத மறுத்தால் அன்றைக்கே டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள். வாட்ஸ்ஆப்பில் அட்வைசரிடம் பேசுவது மட்டும் போதாது. ஆறு மாதத்தில் அவர் வேறு டீலருக்குப் போயிருப்பார்.

எப்போதாவது வரும் கோளாறு என்றால், அது வரும் ரோட்டிலேயே டெக்னீஷியனை உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் கியர்பாக்ஸ் சூடாகி எச்சரிக்கை விளக்கு எரிகிறதென்றால், சர்வீஸ் சென்டருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் எதுவும் தெரியப்போவதில்லை. ஓடோமீட்டரும் எச்சரிக்கையும் தெரிகிற மாதிரி, பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒரு வீடியோ எடுத்தால் போதும்.

ரீமேப் போட்டு, சர்வீஸுக்கு முன் ஸ்டாக்குக்கு மாற்றுவது

ரீமேப் என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரின் (ஈசியூ) மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது. அதன் முதல் படியான ஸ்டேஜ் ஒன்று போட்ட வண்டியை சர்வீஸுக்கு முந்தைய நாள் கம்பெனி மென்பொருளுக்கே திரும்ப மாற்றி அனுப்பினால் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை நம்ம பக்கம் வெகு பலமாக இருக்கிறது. ஈசியூ எத்தனை முறை எழுதப்பட்டது என்று பல கம்பெனிகளின் கருவியில் தெரியும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட வண்டியின் சேசிஸ் நம்பரில் 'டிடி1' என்று ஒரு குறி விழும். விழுந்தபின் எந்த ஊர் டீலரிடம் போனாலும் அது தெரியும். போர்ஷே இன்னும் ஒரு படி மேல்: இன்ஜின் எந்த அளவு அதிக சுற்றுக்குப் போனது, எத்தனை முறை, இன்ஜின் ஓடிய எந்த மணி நேரத்தில் என்று ஆறு அடுக்குகளாகப் பிரித்துப் பதிந்து வைத்திருக்கும். தப்பான கியருக்கு இறக்கினால் அதுவும் அங்கே இருக்கும்.

ரீமேப் போடுவது உங்கள் விருப்பம், உங்கள் காசு. ஆனால் வாரன்டியும் வேண்டும், ரீமேப்பும் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டுத் தொடங்குங்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டேக்கு, அதாவது பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, போவதும் இப்படித்தான். பந்தயத்தில் ஓட்டினால் வாரன்டி செல்லாது என்ற வரி அநேகமாக எல்லாக் கையேட்டிலும் இருக்கும். டிராக் டே பந்தயத்தில் சேருமா என்பதைப் போவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்தால் ஊற்றி ஊற்றி ஓட்டுவதும் தவறுதான். ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் காரில் ஃபோர்டின் இன்னொரு காரான மஸ்டாங்குக்கு உரிய ஹெட் காஸ்கெட்டை (இன்ஜின் கசியாமல் அடைக்கும் தகடு) தவறுதலாகப் போட்டுவிட்டார்கள். முதலில் தெரிந்த அறிகுறி கூலன்ட் மெல்லக் குறைவதும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளைப் புகையும்தான். 2018-ல் கம்பெனியே காஸ்கெட்டை மாற்றிக் கொடுத்தது. குறைந்த அளவைத் தேதியோடு குறித்து வைப்பது பெரிய வேலை இல்லை. பெட்ரோலில் கலப்படம் என்று சொல்லி வாரன்டியை மறுத்தால், டேங்கிலிருந்து மாதிரி எடுத்து உங்கள் முன் சீல் வைத்து ஆய்வக அறிக்கை தரச் சொல்லுங்கள். கையேட்டில் 95 ஆக்டேன் என்று போட்டிருந்தால் அதையே போட்டு, பில்லையோ யுபிஐ பதிவையோ வைத்திருங்கள்.

சட்டத்தை லேட்டாக நினைப்பது

2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி அரசே ரீகால் உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். ஆனால் ஓட்டுபவர், பயணிப்பவர், சாலையில் போகிறவர் அல்லது சுற்றுச்சூழலுக்குத் தீங்கு வரும் குறையாக இருக்க வேண்டும். ஆண்டு விற்பனைக்கு ஏற்ற எண்ணிக்கையில் புகார்களும் சேர வேண்டும். அதனால் உங்களைப் போலவே பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியாகப் புலம்பாமல் ஆளுக்கொரு புகாரைப் பதிவு செய்வது முக்கியம்.

உங்கள் சொந்த நஷ்டத்துக்கு நுகர்வோர் ஆணையம்தான். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். டீலர் பெங்களூருவில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஈரோட்டிலேயே புகார் கொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு. 'அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாங்க' என்ற பேச்சை நம்பி அதைத் தாண்டிவிடுபவர்கள் பலர். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பதிவு செய்துவிடுவது நல்லது.

நம்ம பக்கம் தொழில் செய்பவர்கள் வண்டியைக் கம்பெனி பெயரில் வாங்குவது வழக்கம். அப்படியானால் நீங்கள் நுகர்வோரே இல்லை, வியாபாரத்துக்கு வாங்கினீர்கள் என்று எதிர்த்தரப்பு கிளப்பும். இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு நிறுவனம் வாங்கிய மெர்சிடிஸ் கார் வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வழக்கின் விவரத்தைப் பொறுத்துத்தான் முடிவு என்பதால், அந்த வண்டி யாருடைய உபயோகத்தில் இருக்கிறது என்பதை நிறுவனத் தீர்மானத்திலேயே எழுதி வையுங்கள்.

எடுத்த எடுப்பில் முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்வதும் பலனளிக்காது. வாரன்டியில் பழுதான பாகத்தை மாற்றுவதாகத்தான் வாக்கு, முழு காரை மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-லேயே மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2009-ல் வாங்கிய பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2012-ல் புது வண்டி தரச் சொன்னது, கம்பெனியும் சம்மதித்தது. வாங்கியவர் தரப்பு பணமாகக் கேட்டது. 50 லட்சம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2024 ஆகிவிட்டது. தொழிலைப் பார்ப்பவருக்கு அத்தனை வருடம் அலைவதற்கு நேரம் ஏது? நியாயமான தீர்வு மேசைக்கு வந்தால் வக்கீலோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் வண்டியின் பளபளப்பைப் பார்ப்பதோடு சேசிஸ் நம்பரை டீலரிடம் கொடுத்து, நிலுவையில் ரீகாலோ சர்வீஸ் கேம்பெயினோ உண்டா, 'டிடி1' போல ஏதாவது குறி விழுந்திருக்கிறதா, நீட்டித்த வாரன்டி இருந்தால் அது புது ஓனர் பெயருக்கு மாறுமா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். போர்ஷே என்றால் அந்த ஆறு அடுக்கு அறிக்கையையும் கேளுங்கள். விற்பவர் தர மறுத்தால் வேறு வண்டி பாருங்கள்.