பழைய வீடு வாங்கும் முன் நீங்களே சோதிப்பது எப்படி?

பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம், வாஸ்துக்கு ஆள் கூட்டி வருகிறோம். ஆனால் வீட்டைப் பத்து நிமிடம்கூட நின்று பார்ப்பதில்லை. நான் முதல் ஃப்ளாட் வாங்கியதும் அப்படித்தான். குடிபோன ஐப்பசியிலேயே படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் பெயின்ட் கொப்பளித்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். பொரபொரவென்று உதிர்ந்து, உள்ளே வெள்ளையாக உப்புத்தூள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. டைல்ஸ் முழுவதையும் பெயர்த்துதான் சரிசெய்ய முடிந்தது.

அதிலிருந்து வீடு பார்க்கப் போகும் எல்லோரிடமும் ஒன்று சொல்கிறேன்: தண்ணீர் இறங்கும் வழியிலேயே நீங்களும் இறங்குங்கள். மொட்டைமாடியில் தொடங்குங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். கையில் ஒரு டார்ச், ஒரு நாணயம், ஒரு சாக்கெட் டெஸ்டர் போதும். டெஸ்டர் எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

படி 1: மொட்டைமாடி

ஒரு பக்கெட் தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள். அது மழைநீர்க் குழாயின் வாயை நோக்கி ஓட வேண்டும். நடுவில் குளம் கட்டி நின்றால் வாட்டம் சரியில்லை. மழைக்காலத்தில் அந்த இடத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் ஒழுகலாம். தட்டோடு பதித்த தளமென்றால் இடுக்குகளில் பூச்சு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரசஞ்செடி முளைத்திருந்தால் அலட்சியம் வேண்டாம். மேலே வெட்டிவிட்டாலும் உள்ளே வேர் இருந்தால் மறுபடி தழைக்கும், வெடிப்பும் பெரிதாகும்.

மேல்தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மழைநீர்க் குழாய் கீழே எங்கே போய்ச் சேருகிறது என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்.

படி 2: கூரையும் சுவரும்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முதலில் உட்கூரையை அண்ணாந்து பாருங்கள். டீக்கறை போல வளையம் தெரிந்தால் அங்கே தண்ணீர் வந்து காய்ந்திருக்கிறது. வீடு முழுக்கப் பழைய பெயின்ட்டாக இருக்க, ஒரு சுவர் மட்டும் புதுசாகப் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள்.

பீமின் அடிப்பகுதியில் நீளவாக்கில் வெடிப்பு ஓடுகிறதா? துருக்கறை தெரிகிறதா? கம்பி துருப்பிடித்தால் பருத்துவிடும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அந்த அழுத்தத்தில் மேலே மூடியிருக்கும் கான்கிரீட் பிளந்து, கடைசியில் பாளம் பாளமாக விழும். கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்றால் இது சீக்கிரமே வரும். மேலே பூசி பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே குச்சியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் கணீரென்றும், உள்ளே பிரிந்த இடத்தில் பொத்பொத்தென்றும் கேட்கும்.

எல்லா வெடிப்பும் ஆபத்தல்ல. பூச்சில் வலைபோல ஓடும் மயிரிழைக் கோடுகளும், பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடும் மெல்லிய கோடும் சாதாரணம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு வேறு ரகம். அதில் நாணயத்தின் விளிம்பு நுழைந்தாலோ, விரலால் தடவும்போது ஒரு பக்கம் தூக்கலாகத் தட்டுப்பட்டாலோ ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து வந்து காட்டுங்கள். தூணில் எந்த வெடிப்பு இருந்தாலும் அப்படியே.

படி 3: குளியலறை

சரியான சோதனை என்றால், வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்ப்பதுதான். விற்பவர் இதற்குச் சம்மதிப்பது அபூர்வம். அதனால் நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க பாத்ரூம் சீலிங்கைக் கொஞ்சம் பார்க்கலாமாங்க?" என்று கேளுங்கள். மேலிருந்து ஒழுகினால் அவர்களே முழுக்கதையும் சொல்லிவிடுவார்கள். குளியலறைக்கு அடுத்த அறைச் சுவரையும் முழங்கால் உயரம் வரை கையால் தடவிப் பாருங்கள். அலமாரி இருந்தால் திறந்து முகர்ந்து பாருங்கள்.

சாக்கடை வாடை அடிக்கிறதா? தரைத்தண்ணீர் வடியும் துளைக்குக் கீழே இருக்கும் கிண்ணம் போன்ற நானி ட்ராப்பில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அதில் தேங்கும் தண்ணீர்தான் கீழிருந்து வரும் காற்றைத் தடுக்கிறது. பூட்டிக்கிடந்த வீட்டில் அது வற்றியிருக்கும். ஊற்றியபின் சற்று நேரத்தில் வாடை போய்விட்டால் கவலையில்லை. போகாவிட்டால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

படி 4: குழாய்கள்

ஷவரைத் திறந்துவைத்து ஃப்ளஷ்ஷை அழுத்துங்கள், வேகம் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்பழுப்பாக இருந்தால், உள்ளே பழைய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துருப்பிடித்திருக்கலாம்.

படி 5: மின்சாரம்

மெயின் போர்டில் ஆர்சிசிபி (RCCB) என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் ஆளைக் காப்பாற்றுவது இதுதான். எம்சிபி மட்டும் இருந்தால் போதாது, அது ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கானது. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் சுவிட்ச் டக்கென்று கீழே விழுந்து கரன்ட் நிற்க வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு மூன்று பின் சாக்கெட்டிலும் டெஸ்டரைச் செருகுங்கள். எர்த் இல்லையென்றால் விளக்கு காட்டிக்கொடுக்கும். ஆனால் சில இடங்களில் எர்த் கம்பி இழுக்காமல், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடுகிறார்கள். டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது. நியூட்ரல் ஒயர் அறுந்த அன்று ஃப்ரிட்ஜின் உடம்பில் கரன்ட் பாயும். அதனால் கீசர், வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் சாக்கெட்டுகளை மட்டுமாவது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்.

படி 6: மரம்

நிலைப்படியின் அடியிலும் சமையலறை அலமாரியின் உள்மூலையிலும் மண்கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் கரையான்.

பார்த்ததை என்ன செய்வது?

ஒவ்வொரு குறையையும் போட்டோ எடுத்து, எந்த அறை என்று எழுதிவையுங்கள். ஒயரிங், குழாய், குளியலறைக் கசிவு எல்லாம் செலவோடு போகும். கொத்தனார், எலக்ட்ரீஷியனிடம் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கக் கேளுங்கள். பீமிலும் தூணிலும் கம்பி துருப்பிடித்திருந்தால் கதை வேறு. இன்ஜினியர் பார்த்து எழுதித் தரும்வரை, எவ்வளவு அவசரப்படுத்தினாலும் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.