மேய்க்காலில் மறுபடி புல் வளர்க்க

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஊர் ஆடு மாடு மேய்வதற்கான பொது நிலமான மேய்க்கால் புறம்போக்கு முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டைப் பார்த்து, நிலம் மேய்க்கால்தானா என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் ஊர்க்கூட்டம், ஊராட்சித் தீர்மானம். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் வராவிட்டால் தொடங்கவே வேண்டாம், காவல் காக்கப்போவது அவர்கள்தான். நான் கூட்டத்தில் அரிட்டாபட்டியைச் சொன்னேன்: 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது!

சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, துளிர்த்துவிடும். மழை பெய்து மண் இளகியதும் தூரோடு தோண்டுங்கள். காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை திரும்ப வரும். அதனால் வருஷா வருஷம் கன்றுகளைப் பிடுங்க வேண்டும்.

விதைப்பதற்காக, கொழுக்கட்டைப் புல் என்ற தீவனப் புல்லின் கதிரைத் தை மாதம் வரப்போரம் உருவிச் சேர்த்தோம். புது விதை சரியாக முளைக்காது, சாக்கில் கட்டிப் புரட்டாசி வரை வையுங்கள். பஞ்சுபோலப் பறக்கும் விதை அது. சாணமும் செம்மண்ணும் பிசைந்து, சிறு உருண்டையாக்கித் தூவுங்கள். உழ வேண்டாம், இருக்கிற அருகம்புல்லும் போய்விடும்.

கதிர் முற்றி உதிரும்வரை மேய்ச்சல் கூடாது. பிறகு பாதி நிலம் மேயட்டும், பாதி ஓய்வெடுக்கட்டும். மரக்கன்று நட வருபவர்களுக்கு வேறு இடம் காட்டுங்கள். புல்வெளி தரிசு இல்லை.