குள்ளக் கெய்மன் வளர்ப்பு: செல்லம் கொடுத்தே கெடுக்கும் தவறுகள்

முதலைக் குடும்பத்திலேயே சின்ன இனம் என்று சொல்லித்தான் குவியர் குள்ளக் கெய்மனை விற்கிறார்கள். அது பொய்யில்லை. தென் அமெரிக்கக் காட்டு ஓடைகளில் வாழும் இந்த இனத்தில் பெண் சுமார் 1.2 மீட்டர் வளரும், ஆண் 1.5 மீட்டரைத் தாண்டும். ஆனால் விற்பனைக்கு வருவது ஒரு சாண் நீளக் குஞ்சு. வாங்குகிறவர் மனதில் அந்தச் சாண் அளவே தங்கிவிடுகிறது, மீன் தொட்டி போதும் என்று முடிவு செய்துவிடுகிறார். தொட்டி சின்னதாக இருந்தால் அதற்கு மேல் வளராது என்பது வெறும் கட்டுக்கதை. வளர்ச்சி நின்றுபோனால் அது நோயின் அறிகுறி. நன்றாகக் கவனித்தால் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் பிராணி இது.

வளர்ந்த கெய்மனுக்கு ஓர் அறையே தேவைப்படும். உடம்பு முழுதும் மூழ்கித் திரும்பும் அளவுக்குத் தண்ணீர், ஏறிக் காய ஒரு மேடை, ஒளிந்துகொள்ள ஒரு பொந்து. முதல் இரண்டையும் எப்படியோ செய்துவிடுகிறார்கள், பொந்தைத்தான் மறக்கிறார்கள். காட்டில் பகலில் பதுங்கி, இரவில் இரை தேடும் பிராணி இது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று நாலு பக்கமும் கண்ணாடி வைத்து ஹாலில் வைத்தால் மிரண்டு போய் சாப்பாட்டையே நிறுத்திவிடும். உடம்பு சரியில்லையோ என்று பதறி அடிக்கடி கையில் எடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் இன்னும் மோசமாகும்.

பெரிய சேதம் சாப்பாட்டில்தான். எலும்பு நீக்கிய கோழி நெஞ்சுக்கறியைத் துண்டு போட்டுக் கொடுப்பது பலருக்குப் பாசத்தின் உச்சம். அந்தக் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். கீழ்த்தாடையை மெல்ல அழுத்தினால் ரப்பர் போல வளையும், பற்கள் நேராக நிற்காமல் பக்கவாட்டில் சாயும், பின்னங்கால்கள் நடுங்கும். இந்தக் கட்டத்தில் சிகிச்சை செய்தாலும் கோணிய தாடை பெரும்பாலும் பழையபடி ஆகாது. எலும்பும் குடலுமாக முழு இரை கொடுக்க வேண்டும்: சுண்டெலி, முழு மீன், நண்டு, நத்தை. கூடவே, கால்சியம் உடலில் சேர உதவும் புற ஊதாக் கதிர் தரும் யுவிபி விளக்கும் வேண்டும். உறைய வைத்த மீனை மட்டுமே கொடுத்துவந்தால் இன்னொரு வம்பு, சில மீன்களில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். கேட்கும்போதெல்லாம் போடுவதும் தப்பு. வளர்ந்த கெய்மனுக்கு வாரம் ஒன்றிரண்டு முறை போதும்.

சூடு இல்லாமல் தின்றது செரிக்காது. தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ், காயும் மேடை 32 முதல் 35 வரை இருக்கலாம். குளிருமே என்று அதற்கு மேல் ஏற்றிவிடாதீர்கள், இது நிழலான ஓடையில் வாழும் இனம். கண்ணாடி ஹீட்டரைக் காப்புக் கூண்டு இல்லாமல் தண்ணீரில் வைத்தால் வாலால் ஓர் அடியில் நொறுங்கும். எட்டும் உயரத்தில் விளக்கு இருந்தால் முதுகு வெந்துவிடும். கழிவும் தண்ணீரிலேயே போவதால் சாதாரண மீன் தொட்டி ஃபில்டர் தாங்காது.

கையால் ஊட்டுவது என் பார்வையில் எல்லாவற்றையும் விட முட்டாள்தனம். ‘என்னை அடையாளம் தெரிகிறது’ என்பார்கள். தெரிவது உங்களையா, உங்கள் விரலோடு வரும் இரையையா? நீளமான இடுக்கியில் கொடுங்கள். உயிரியல் பூங்காக்களில் ஒரு குச்சி நுனியில் நிறப்பந்து மாட்டி, அதைக் காட்டினால்தான் சாப்பாடு என்று பழக்குகிறார்கள். அதை வீட்டிலும் செய்யலாம். தொட்டிப் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம், சால்மோனெல்லா வரும்.

சமாளிக்க முடியாமல் குளத்தில் விடுவது அடுத்த தவறு. தெற்கு புளோரிடாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவின் டோர்டுகேரோ காயலிலும் கண்ணாடிக் கெய்மன்கள் (கண்களுக்கிடையே மூக்குக்கண்ணாடிச் சட்டம் போன்ற மேடு உள்ள இன்னொரு கெய்மன் இனம்) பெருகியது இப்படி விடப்பட்ட செல்லப்பிராணிகளால்தான். பிரிட்டனில் 1976 ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி எந்த முதலைக்கும் உள்ளாட்சி உரிமம் வேண்டும். இந்தியாவின் மூன்று முதலை இனங்களும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை வீட்டில் வைக்கும் பேச்சே கிடையாது.

உரிமம் கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முதலைக்குச் சிகிச்சை தெரிந்த கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்து வையுங்கள். நாய், பூனை பார்க்கும் பல மருத்துவமனைகளில் இதை உள்ளேயே விடமாட்டார்கள்.