தோட்டத்து நினைவுகளைப் பதிவுசெய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிலாளர், இனம், வாய்மொழி வரலாறு ஆகியவற்றையே வாழ்நாள் ஆய்வாகக் கொள்ள விரும்பும் இளைய வரலாற்றாளர்கள் மலேசியாவின் ரப்பர் தோட்ட ஊரான சுங்கை சிப்புட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு வரும்போது, முதல் தவறு பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே நேர்ந்துவிடுகிறது. "இனப் பாகுபாட்டை அனுபவித்தீர்களா?" என்று நான் ஒரு பாட்டியிடம் கேட்டபோது, "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்று முடித்துக்கொண்டார். பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுப்பதற்கு) எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று மாற்றிக் கேட்டதும், வலக்கை உளி பிடித்த சாய்வில் தானாக அசைய, விடியுமுன் ரப்பர் பால் வெட்டியதைச் சொல்லத் தொடங்கியவர், தோட்டத்தின் வெள்ளைக்கார மேலாளரான துரையின் கார் வந்தால் தம் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றதில் வந்து நிறுத்தினார். 1941-இல் வேலைநிறுத்தம் செய்த கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலியோடு, துரைமாரையும் தோட்ட எழுத்தர்களான கிராணிமாரையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கோரினார்கள். 'இனம்' என்ற சொல் இல்லாமலே பாட்டி விடை சொல்லிவிட்டார்.

கிராணிமாரில் பலர் மலையாளிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழராகவும் இருந்ததால், எல்லாரையும் 'இந்தியர்' என்ற ஒரே சொல்லில் அடக்கி எழுதுவதும் தவறுதான்.

என் கணிப்பில் மிகப் பெரிய தவறு, நினைவு பிசகும் இடத்தில் குறுக்கிட்டுத் திருத்துவது. ஆண்டைச் சொல்லாமல், 'ஜப்பான்காரன் காலம்', 'சயாம் ரயிலுக்கு ஆள் பிடித்த காலம்' (ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில்பாதை போடத் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோன காலம்) என்றே கணக்கு வைத்த தலைமுறை அது. இத்தாலியின் தெர்னி நகரில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற உருக்காலைத் தொழிலாளி 1949-இல் காவலரால் கொல்லப்பட்டார். ஊரார் பலரோ அந்தச் சாவை 1953-இன் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருந்தார்கள். அந்தப் பிசகைத் தள்ளிவிடாமல், அது ஏன் நேர்ந்தது என்று இத்தாலிய வாய்மொழி வரலாற்றாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்த்தெல்லி கேட்டதிலிருந்துதான் அவருடைய முக்கியமான ஆய்வு பிறந்தது. ஆவணத்தோடு ஒப்பிடத்தான் வேண்டும்; அதைப் பதிவு முடிந்தபின் செய்யுங்கள். தோட்டத்தின் ஆள்பதிவேடான செக்ரோலை எழுதியவரும் கிராணிதான் என்பதை அப்போது மறக்க வேண்டாம்: அதில் பெயரும் நாளும் கூலியும் இருக்கும், அப்பா இறங்கி நின்ற சைக்கிள் இருக்காது.

பெண்களிடம் பேசும்போது மகனோ கணவரோ அருகிலிருந்து விடை சொல்ல விடாதீர்கள். இன்னொரு நாள் தனியாகப் போய்ப் பேசுங்கள். பதிவின் படியைக் குடும்பத்தாரிடம் கொடுக்காமல் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்ட இடத்தில், அவர்களிடம் எஞ்சியிருப்பது அந்தக் குரல்தான். பேத்தியின் கைப்பேசியில் பதிவைப் போட்டுக் காட்டியபோது, தம் அப்பாவின் பெயர் வரும் இடத்தைப் பாட்டி மூன்று முறை திருப்பிக் கேட்டார்.